தங்கச்சி சோறு போட்ட நரி

மன்னாரில் இருந்து லண்டனுக்குப் போகிறவர்கள் பிள்ளையைப் பார்க்கப் போவார்கள். பேரப்பிள்ளை தூக்கப் போவார்கள். நான் அடிபட்ட மிருகம் பார்க்கிற வேலை பழகப் போனேன். விமான நிலையத்தில் முத்திரை குத்தினவர் இரண்டு தரம் கேட்டார். இரண்டு தரமும் அதையே சொன்னேன். விட்டுவிட்டார்.

நான் முந்திக் கடலுக்குப் போன ஆள். படிப்பு ஐந்தாம் வகுப்பு. வலையில் மாட்டுகிற ஆமை, கம்பியில் அடிபட்ட பூநாரை, இதுகளைக் கரைக்குக் கொண்டு வந்து மிருக டொக்டரிடம் கொடுப்பேன். அவர் அதற்கென்று ஒரு வளவு வைத்திருந்தார். பேந்து அங்கேயே வேலைக்கு நின்றுவிட்டேன். காட்டு உயிரை அப்படி வைத்துப் பார்க்க அரசாங்க அனுமதி வேண்டும். அது டொக்டரின் பேரில் இருந்தது. அவருக்கு வயது போய்விட்டது. என் பேருக்கு மாற்றுவதென்றால் நான் பயிற்சி முடித்த ஆளாக இருக்க வேண்டும். லண்டனில் ஒரு மிருக ஆசுபத்திரி பிற நாட்டு ஆட்களைக் கூப்பிட்டு இந்த வேலை பழக்குகிறது. டொக்டர் எழுதிக் கேட்டார். வரச் சொன்னார்கள். விசாக் கதை வேண்டாம். கிடைத்தது, போனேன்.

டூட்டிங்கில் தங்கச்சி ரோசலின் வீடு. புருசன் டெஸ்மன்ட். இருபது வருசமாக அங்கே இருக்கிறார்கள். ஒரு மகள். அவள் படிக்க வேறு ஊருக்குப் போய்விட்டாள். வீட்டில் இரண்டு பேரும் இரண்டு ஷிப்ட். ஒருவர் வரும்போது மற்றவர் போவார்.

டூட்டிங் தெருவில் கடைப் பலகை தமிழில் இருக்கிறது. முருங்கைக்காய் கிடைக்கிறது. பாரைமீன் ஐஸில் கிடந்தது, கண் வெளிறிப் போய். நான் செவுளைக் கிளப்பிப் பார்த்தேன். கடைக்காரர் சிரித்தார். இந்த மீன் செத்துக் கன காலம் அண்ணை, இப்ப செவுளைப் பார்த்து என்ன செய்யப் போறியள் என்றார். யாழ்ப்பாணத்து ஆள்.

ஆனி மாதம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் வெளிச்சம் கிடக்கிறது. விடிய வெள்ளெனவே திரும்ப வெளிச்சம். முதல் நாள் நித்திரை முறிந்து குசினிக்கு வந்தேன். பின்கதவு திறந்து கிடந்தது. படியில் ரோசலின் குந்தியிருந்தாள். அவள் கையில் மீன் தலை. அதை ஒரு நரிக்குட்டி தின்றுகொண்டிருந்தது.

எங்கள் ஊர் நரி சாம்பல் நிறம். ஆளைக் கண்டால் பற்றைக்குள் போய்விடும். இது செங்கல் நிறம். என்னைப் பார்த்தது. பேந்து தின்றது.

"சத்தம் போடாதேங்கோ அண்ணை," என்றாள். "ராசா சாப்பிடுறார்."

தாய் நரி ரோட்டில் அடிபட்டுப் போச்சாம். இது தனியாகப் பின்வளவுக்கு வந்ததாம். முதலில் தட்டில் வைத்தாள். பேந்து கிட்ட வந்தது. இப்போது மடியில் ஏறும். "ராசா, வா வா" என்று கூப்பிட்டால் வேலிக்கு அந்தப் பக்கம் எங்கே நின்றாலும் ஓடி வரும். நரி முகத்தில் முழித்தால் நல்லதுதானே என்றாள். டெஸ்மன்ட் வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"எனக்குப் பழஞ்சோறு, மச்சான். அவருக்குத் தலைக்கறி."

எங்கள் டவுனில் கழுதை ரோட்டில் நிற்கிறது. ஆட்கள் வாழைப்பழத் தோல் கொடுக்கிறார்கள். இங்கே நரி. அப்படித்தான் நினைத்தேன்.

ஆசுபத்திரி நகரத்துக்குத் தெற்கு ஓரத்தில், மரங்கள் தொடங்குகிற இடத்தில். பொறுப்பு ஹெலன் என்கிற பெண். அறுபது வயதிருக்கும். இரண்டு கையும் கடித்தழும்பு. பழக வந்தவர்கள் ஒரு பத்துப் பேர், ஒவ்வொரு நாட்டு ஆள். கோயம்புத்தூர்ப் பக்கத்தில் இருந்து கவிதா என்று ஒரு மிருக டொக்டர். என் மகள் வயது. எனக்கு ஆங்கிலம் ஓடாது என்று கண்டதும் பக்கத்தில் வந்து இருந்தாள். ஹெலன் சொல்வதை மெதுவாகத் தமிழில் சொன்னாள். நான் சொல்வதை அங்கே சொன்னாள்.

மத்தியானம் போல என்னிடம் சொன்னாள்:

"அண்ணா, நீங்க பேசறதுல பாதிதான் எனக்குப் புரியுது."

"நான் கதைக்கிறதே பாதிதான்," என்றேன்.

அங்கே கதைக்கவும் தேவையில்லை. உள்ளே போனால் எல்லாக் கூட்டுக்கும் துணி போட்டிருக்கிறது. முன்னால் நின்று பேசக் கூடாது. பேர் வைக்கக் கூடாது. தடவக் கூடாது. காகக் குஞ்சுக்கு ஒரு கறுத்த உறையைக் கையில் போட்டு, அலகு மாதிரிப் பிடித்து இரை தீத்துகிறார்கள். மனிசக் கையைத் தாய் என்று அது நினைக்கக் கூடாதாம். ஊரில் நாங்கள் காயம் கட்டும்போது, "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை" என்று தேற்றிக்கொண்டே கட்டுவோம். நான்கூடச் சொல்வேன். அந்தச் சத்தம் மிருகத்துக்குத் தேறுதல் இல்லை என்றார் ஹெலன். தன்னைப் பிடித்த இந்த மிருகம் தின்னப் போகுது என்றுதான் அது நினைக்குமாம்.

மத்தியானச் சாப்பாடு குளிர்ந்த பாண் துண்டு இரண்டு. நடுவில் முட்டை. கவிதா தயிர்ச்சோறு கட்டிக்கொண்டு வருவாள். பாதி தருவாள். வாங்குவேன்.

இன்னொரு சட்டமும் படித்தோம். திரும்பக் காட்டுக்குப் போக ஏலாததை வைத்திருக்கக் கூடாது. ஊசி போட்டுக் கொல்ல வேண்டும். டொக்டர்தான் ஊசி போடுவார். ஆனால் முடிவு சொல்ல வேண்டியது பொறுப்பு யார் பேரில் இருக்கிறதோ அவர். அதை இன்னொருவர் தலையில் போட ஏலாது. எங்கள் வளவில் ஒரு செட்டை இல்லாத பூநாரை கன வருசமாக நிற்கிறது என்று சொன்னேன். கவிதா அதை ஹெலனுக்குச் சொன்னாள். ஹெலன் யோசித்துவிட்டு, அது நிற்பது யாருக்காக என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதற்குள் தேத்தண்ணி வந்தது.

அன்று பின்னேரம் ராசாவைக் கிட்டப் பார்த்தேன். பின்தொடையில் மயிர் இல்லை. தோல் பாண் தோல் மாதிரி வெடித்திருந்தது. சொறி. விட்டால் கண்ணுக்கு வரும், பேந்து தின்னாது, செத்துப் போகும். ரோசலினிடம் சொன்னேன். அவளுக்குத் தெரியும். மஞ்சள் அரைத்துப் பூசிப் பார்த்தாளாம். நக்கிவிட்டதாம்.

"உங்கட ஆசுபத்திரியில பாப்பினமோ?"

"பாப்பினம்."

அடுத்த நாள் டெஸ்மன்ட் காரைக் கொண்டு வேலைக்குப் போய்விட்டார். பஸ்ஸில்தான் போனோம். ஊத்தை உடுப்புப் போடுகிற கூடை. மேலே பெட்சீட். ராசா தானாகவே ஏறிப் படுத்தது. நரிக்கு ஒரு வாடை இருக்கிறது. பஸ்ஸின் மேல்தட்டில் முன்னால் இருந்தவர்கள் எழும்பிப் பின்னால் போனார்கள். எங்கள் ஊர் பஸ்ஸில் மீன்பெட்டி ஏறும், ஆடு ஏறும். ஆரும் எழும்ப மாட்டார்கள். எழும்பினால் இடம் போய்விடும்.

பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி மட்டும் இருந்தா. பூனையோ என்று கேட்டா. ரோசலின் ஓம் என்றாள். அந்த நேரம் பார்த்து ராசா பெட்சீட்டுக்குள்ளால் மூக்கை நீட்டியது. கிழவி வடிவாகப் பார்த்தா. தன்னுடைய பூனையும் வயது போன நேரம் இப்படித்தான் இருந்தது என்று ரோசலினிடம் சொல்லிவிட்டு யன்னல் பக்கம் திரும்பிவிட்டா. இறங்கும்போது கூடைக்கு வணக்கம் சொன்னா.

ஸ்ட்ரெதத்தில் பஸ் நின்றது. மேலே ஸ்பீக்கரில் ஒரு குரல் வந்தது. ரோசலின் தமிழில் சொன்னாள்: இந்த பஸ் போகிற இடம் மாறிவிட்டதாம், எல்லாரும் இறங்கட்டாம். பஸ் ஏறின பிறகு போகிற இடம் மாறுவதை நான் அங்கேதான் கண்டேன். ஒருத்தரும் சண்டை பிடிக்கவில்லை. இறங்கி, வரிசையில் நின்றார்கள். நாங்களும் கூடையோடு நின்றோம். மழை தூறியது. ரோசலின் தன் ஜக்கெற்றைக் கழற்றிக் கூடைக்குப் போட்டாள்.

ஆசுபத்திரியில் ஹெலன் கூடையைத் திறந்தார். ராசா எழும்பி ரோசலினின் கையை நக்கியது. ஹெலனின் முகம் மாறியது. ரோசலினை முன்னறையில் இருக்கச் சொல்லிவிட்டு என்னையும் கவிதாவையும் உள்ளே கூப்பிட்டார்.

சொறி மாறிடும், அது பெரிய விசயம் இல்லை என்றார். பயம் இல்லாததுதான் விசயம். ஆளைக் கண்டு ஓடாத நரி எல்லார் வீட்டுக் கதவுக்கும் போகும். ஒருவர் சோறு போடுவார். அடுத்தவர் நாயை அவிழ்த்துவிடுவார். இந்தக் குட்டிக்கு மனிசரைக் காட்டாமல், குரல் கேட்காமல் வைத்துப் பார்ப்போம். பயம் வந்தால் மற்றக் குட்டிகளோடு சேர்த்து, கோடை முடிய வெளியில் விடலாம். பயிற்சி முடிகிறதற்குள் வராவிட்டால் ஊசி.

"முடிவு நீங்க சொல்லணுமாம், அண்ணா," என்றாள் கவிதா. "இந்தக் குட்டி உங்க பொறுப்புன்னு சொல்றாங்க."

நான் தலையாட்டினேன்.

வெளியில் வந்து ரோசலினிடம் மருந்து போடுவார்கள் என்று சொன்னேன். ஒருவரும் வந்து பார்க்கக் கூடாது என்று சொன்னேன். ஓம் என்றாள். ஹெலனும் ஆங்கிலத்தில் சொன்னார். அதற்கும் ஓம் என்றாள். ஊசிக் கதையை நான் சொல்லவில்லை.

ராசாவைப் பின்பக்கத்துக் கூட்டில் விட்டோம். மரப்பெட்டி ஒன்று, வலை, மேலே கமெரா. பின்னால் ஒரு பலகை வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் ஆட்கள் நடக்கிற ஒழுங்கை. முதல் இரண்டு நாளும் வலைக்குக் கிட்ட இருந்து கத்தியது. நானும் கவிதாவும் உள்ளறையில் ஸ்கிரீனில் பார்த்தோம். செத்த கோழிக்குஞ்சை ஒரு குழாய்க்குள்ளால் தள்ளிவிடுவேன். என் கையை அது காணாது. மருந்தை அதற்குள் வைப்பேன்.

பேந்து கத்துவது நின்றது. வேறொரு நாள் கூட்டுக் கதவில் ஆள் அசைந்ததும் பெட்டிக்குள் போனது. கவிதா என் தோளில் தட்டினாள். ஹெலன் ஒரு பிஸ்கட் பெட்டி கொண்டு வந்து மேசையில் வைத்தார்.

சனிக்கிழமை ரெய்னர்ஸ் லேனில் சொந்தக்காரர் வீட்டில், பிள்ளை கோயிலில் முதன்முதல் நற்கருணை வாங்கின முதல் நன்மைக் கொண்டாட்டம். மூன்று ரயில் மாறிப் போனோம். அதில் ஒன்று எதிர்ப்பக்கம் போகிற ரயில். டெஸ்மன்ட்தான் ஏற்றினவர். இருபது வருசமாக லண்டனில் இருக்கிற ஆள் என்று அங்கே போய்ச் சேரும் மட்டும் ரோசலின் சொல்லிக்கொண்டு வந்தாள். மட்டன் ரோல் நல்லாயிருந்தது. நான் ஐந்து தின்றேன்.

அங்கே பெண்கள் எல்லாரும் நரியை விசாரித்தார்கள். ஆசுபத்திரியில் என்று ரோசலின் சொன்னாள். எந்த வார்ட் என்று ஒருவர் கேட்டார். சிரித்தார்கள். நீர் இன்னும் பார்க்கப் போகேல்லையோ, பாவம், ஆர் அவருக்கு இருக்கினம் என்று இன்னொருவர் கேட்டார். பகிடிதான். ஆனால் ரோசலின் சிரிக்கவில்லை. ஒருவரையும் விட மாட்டினமாம் என்றாள். எந்த ஆசுபத்திரியில ஆக்களைச் சும்மா உள்ள விட்டவை என்று அந்த அம்மா சொன்னா. ரெண்டு பேர் எண்டு போட்டிருந்தால் நாங்கள் ஆறு பேர் போறேல்லையோ என்றா.

அது உண்மை. நோயாளி ஒருவர் இருந்து, பார்க்கப் போகாவிட்டால் எங்கள் ஆட்களிடம் அதற்குப் பிறகு முகம் கொடுத்துக் கதைக்க ஏலாது. ஆசுபத்திரிச் சட்டத்தைச் சட்டம் என்று நாங்கள் எடுக்கிறதில்லை.

ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்ததும் ரோசலின் அந்தோனியாருக்கு மெழுகுதிரி ஏற்றினாள். நான் அங்கிருந்து நேரே வேலைக்குப் போனேன். ஞாயிறும் தீன் போட வேண்டும்.

ஸ்கிரீனில் எல்லாம் அமைதியாக இருந்தது. ராசா பெட்டிக்குள். அப்போது அதன் காது நிமிர்ந்தது. வெளியில் வந்தது. பலகை வேலிப் பக்கம் ஓடி, வலையில் ஏறி நின்று வாலை ஆட்டியது. கமெராவில் சத்தம் வராது. ஆனால் என்ன சத்தம் என்று எனக்குத் தெரியும். வேலிக்கு மேலால் ஒரு மீன் தலை வந்து விழுந்தது. பிறகு வாழைப்பழம்.

நான் ஒழுங்கைக்குப் போனேன். ரோசலின் நின்றாள். கூடக் கோயில் பெண்கள் இரண்டு பேர், பூசைச் சேலையோடு. மூன்றடுக்குச் சாப்பாட்டுக் கரியர் ஒன்று. தோடம்பழச்சாறு ஒரு போத்தல். ராசா என்னைத் தெரியும் எண்டு கத்துறார் அண்ணை என்றாள். முகம் முழுக்கச் சந்தோசம்.

வீட்டுக்குப் போ என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

ஹெலன் ஸ்கிரீனில் கண்டுவிட்டார். ஏசவில்லை. மற்ற ஆட்களுக்குக் குட்டி இப்போது பயப்படுகிறது, இந்த ஒரு குரலுக்குத்தான் வருகிறது என்றார். கவிதா தமிழில் சொன்னாள். நாங்கள் விடப்போகிற இடத்தில் அந்தக் குரல் இல்லாவிட்டாலும், இந்தக் குரல் நல்லது என்று நினைக்கிற நரி அடுத்த பெண்ணின் குரலுக்கும் போகும். ஒரு வழி இருக்கிறது. அந்தக் குரலே அதை விரட்ட வேண்டும். தங்கச்சி செய்வாவா என்று கேட்டார். கேட்கிறேன் என்றேன்.

வீட்டில் ரோசலின் கரியரைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் குசினிக் கதிரையில் இருந்தேன். முழுவதையும் சொன்னேன். அவ்வளவு நீளமாக அவளோடு கதைத்தது அன்றுதான். தண்ணி ஓடிக்கொண்டே இருந்தது. அவள் பைப்பை மூடினாள்.

"கொல்லுவினமோ?"

"ஓம்."

"ஆர் சொல்லுறது கொல்லச் சொல்லி?"

"நான்."

திரும்பி என்னைப் பார்த்தாள். சின்னனில் அடிபட்டால் இப்படித்தான் பார்ப்பாள், அழுவதற்கு முதல். அழவில்லை.

"நீங்கள் சொல்லுவியளோ அண்ணை?"

"சொல்லத்தான் வேணும்."

கரியரைத் துடைத்து அலுமாரியில் வைத்தாள். எப்ப வர வேணும் என்று கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை ஷிப்டுக்கு லீவு சொல்லிவிட்டு வந்தாள். கையில் வீட்டுப் பெரிய அலுமினியச் சட்டி, ஒரு அகப்பை. ஹெலன் அவளுக்கு நேரே ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினார். முதலில் வழக்கம் போலக் கூப்பிட வேண்டும். அது வரும். வந்த பிறகு விரட்ட வேண்டும். பாவம் பார்த்து இடையில் நிற்பாட்டக் கூடாது, நிற்பாட்டினால் அதற்கு ஒன்றும் விளங்காது. பேந்து வெளியில் வந்து திரும்பக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு வாளி தண்ணியும் கொடுத்தார்.

நாங்கள் வலைக்கு வெளியில் நின்றோம். ரோசலின் உள்ளே போனாள்.

"ராசா, வா வா."

குரல் வழக்கம் போலத்தான் இருந்தது. அது எப்படி அவளால் முடிந்ததோ தெரியாது. குட்டி பெட்டிக்குள்ளால் பாய்ந்து வந்தது. காதை மடித்து, வயிறு நிலத்தில் படத் தவழ்ந்து வந்து, அவள் காலடியில் மல்லாக்கப் படுத்தது. மயிர் வளரத் தொடங்கியிருந்தது. அவள் அகப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கை எழும்பவில்லை. என்னைப் பார்த்தாள்.

"அடி," என்றேன்.

சட்டியில் அடித்தாள். குட்டி துள்ளி எழும்பியது. திரும்பவும் அடித்தாள். போ, போடா, போ என்று கத்தினாள். அது கூட்டின் நடுவுக்கு ஓடி நின்றது. பேந்து தலையைத் தாழ்த்திக்கொண்டு அவளிடமே திரும்பி வந்தது. தண்ணியை ஊற்றினாள். ஓடியது. உதறிவிட்டு, இன்னும் மெதுவாக, வாலைக் காலுக்குள் வைத்துக்கொண்டு வந்தது. கவிதா மறுபக்கம் திரும்பிவிட்டாள். நான் திரும்பவில்லை. பார்க்கத்தான் வேண்டும்.

ரோசலின் சட்டியைக் கீழே போட்டாள். காலில் கிடந்த செருப்பைக் கழற்றி எறிந்தாள். அது முதுகில் பட்டது. குட்டி ஒரு சத்தம் போட்டது. சின்னச் சத்தம். பெட்டிக்குள் போய்விட்டது.

அவள் சட்டியைப் பொறுக்கிக்கொண்டு வெளியில் வந்தாள். ஹெலன் கதவைப் பூட்டினார். கொஞ்ச நேரம் நின்றோம். தூரத்தில் ரயில் போனது. ஹெலன் தலையாட்டினார்.

"ராசா, வா வா."

ஒன்றும் இல்லை.

"ராசா. வா ராசா."

கவிதா கையிலிருந்த சின்ன ஸ்கிரீனைக் காட்டினாள். குட்டி பெட்டியின் கடைசி மூலையில், சுவரோடு ஒட்டிக்கொண்டு இருந்தது. காது படிந்து கிடந்தது. ரோசலின் பார்த்தாள். திரும்பக் கூப்பிட வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

ஹெலன் என்னைப் பார்த்தார்.

"விடலாம்," என்றேன்.

கவிதா ஆங்கிலத்தில் சொல்ல வாய் எடுப்பதற்குள் ஹெலன் சரி என்று கையைக் காட்டினார். சொறி நல்லா மாறினதும் மற்றக் குட்டிகளோடு சேர்ப்பார்கள். நான் ஊருக்குத் திரும்பிக் கன நாளைக்குப் பிறகுதான் வெளியில் விடுவார்கள்.

செருப்பு கூட்டுக்குள் கிடந்தது. எடுக்கப் போனேன். கிடக்கட்டும் என்றார் ஹெலன். அந்த வாடைக்கு அது இனிப் பயப்படட்டும். ஒரு சோடி றப்பர் பூட்ஸ் தரட்டுமா என்று கவிதா கேட்டாள். ரோசலின் வேண்டாம் என்றாள்.

ஒற்றைச் செருப்போடு பஸ் ஏறினாள். சட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். பஸ் ஸ்ட்ரெதம் தாண்டியது.

"அண்ணை," என்றாள். "நோகிற மாதிரியோ எறிஞ்சனான்?"

"ஓம்."

"அப்ப சரி," என்றாள்.